ஒரு தப்பான எண், ஆறு நாள்

அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் எழுத வந்தது அவரைப் பற்றி இல்லை. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்காவைப் பற்றி. அவருடைய வேலையும் நல்ல பெயரும் ஆறு நாள் என் ஒரு வார்த்தைக்காகக் காத்துக் கிடந்தன. நான் அந்த வார்த்தையைச் சொல்லாமல் சாப்பிட்டேன், தூங்கினேன், தலைக்குக் குளித்தேன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் போய்வந்தேன்.

நான் நெட்வொர்க் வேலை பார்ப்பவள். வீடு பழைய தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில், ஆபீஸ் பெங்களூரில். பதினோரு வருடமாக விடியற்காலை ரயில். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். பதினோரு வருடம் அந்த ரயிலில் நின்றுகொண்டே போய்விட்டு வந்து பாருங்கள், உங்களுக்கும் வரும். எங்கள் ஊர் ஆஸ்பத்திரி வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தபோது மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இதை ஒழுங்காக முடித்தால் இந்தப் பக்கத்து வேலைகள் எல்லாம் உனக்குத்தான், ஊரிலிருந்தே பார்க்கலாம் என்றார். எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. ரயில் இல்லாத ஒரு காலை எப்படி இருக்கும் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

வேலை இதுதான். ஆஸ்பத்திரியில் சுவருக்குச் சுவர் நெட்வொர்க் ஒயர் செருகும் துளைகள் உண்டு. எல்லாத் துளைகளிலிருந்தும் ஒயர் போய்ச் சேருவது சுவிட்ச் என்கிற ஒரு பெட்டிக்கு. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் செருகலாம், பெட்டி ஒன்றும் கேட்காது. வார்டில் நோயாளியைப் பார்க்க வந்த யாரோ ஒரு ஆள் தன் லேப்டாப்பைச் செருகி, அதிலிருந்த வைரஸ் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்களில் பாதியைப் படுக்க வைத்துவிட்டது. இனிமேல் ஒயரைச் செருகியதும் அந்தப் பெட்டி, நீ யார் என்று கேட்க வேண்டும். சரியான பதில் சொன்னால்தான் உள்ளே விடும். கம்ப்யூட்டர்கள் பதில் சொல்லிவிடும். பிரிண்டர், ஈசிஜி, எக்ஸ்ரே மாதிரியான மெஷின்களுக்கு வாய் கிடையாது. ஒவ்வொரு மெஷினிலும் பன்னிரண்டு எழுத்தும் இலக்கமுமாக ஒரு எண் இருக்கும். அந்த எண்களை ஒரு பட்டியலாகப் போட்டுக் கொடுத்துவிட்டால், பட்டியலைப் பார்த்து அவற்றை விட்டுவிடும்.

இதைப் புரியவைக்க வேறு ஊரில் ஒரு மணி நேரம் ஆகும். இங்கே ஆஸ்பத்திரி வாட்ச்மேன் அரை நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். "கேஜ்ல ஏறணும்னா டோக்கன் குடுத்துட்டு ஏறணும், அதானே?" என்றார். அதேதான் என்றேன். கேஜ் என்பது சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டு; டோக்கன் இல்லாதவன் கீழே இறங்க முடியாது.

பட்டியல் எடுக்க நான் தேர்ந்தெடுத்தது ஆயுத பூஜை நாள். பெங்களூர் ஆபீஸுக்கு அன்று விடுமுறை, ஆஸ்பத்திரியிலும் கூட்டம் இருக்காது. ஆஸ்பத்திரி பழைய மிஷன் காலத்து ட்ரஸ்ட் நடத்துவது. சூப்பரிண்டென்ட் எங்களைப் போல சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் அந்தந்தப் பிரிவில் பூஜை நடக்கும், அவரும் பொரிகடலை வாங்கிக்கொள்வார். சுரங்கம் ஓடிய காலத்தில் இருந்து இந்த ஊரில் அப்படித்தான். என் அப்பா அந்தக் கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர், ஞாயிறு தவறாமல் பைபிளோடு போகிறவர். அவரும் அந்த ஒரு நாள் இன்ஜினுக்குப் பொட்டு வைத்ததும் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றுவிடுவாராம். மறுநாள் மறுபூஜை ஆகும்வரை எந்த மதத்துக்காரனும் அதைத் தொடமாட்டான்.

கையில் நோட்டோடு அறை அறையாகப் போனேன். எக்ஸ்ரே பிரிவில் இரண்டு மெஷின். ஒன்று அறையிலேயே நிற்கும் பெரியது; அவசரத்துக்கு வேண்டும் என்று அதை ஓடவிட்டு, பொட்டு மட்டும் வைத்திருந்தார்கள். இன்னொன்று சக்கரம் வைத்தது. எழுந்து வர முடியாத நோயாளிகளுக்காக வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போய், அங்கேயே படம் எடுத்து, அங்கே சுவரில் ஒயரைச் செருகி டாக்டரின் கம்ப்யூட்டருக்கு அனுப்புவது. அதைக் கழுவித் துடைத்து, புதுத் துணி போர்த்தி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு ஓரமாக நிறுத்தியிருந்தார் அந்த அக்கா.

அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். இதே ஊரில் நந்திதுர்க் சுரங்கப் பக்கத்து ஆள். புருஷன் இல்லை, ஒரே மகன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். பதினாறு வருடமாக அதே எக்ஸ்ரே அறை. ஆனாலும் கான்ட்ராக்ட்தான், வருடா வருடம் புதுப்பிப்பார்கள்.

"அக்கா, அதுக்குப் பின்னாடி ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதுல உள்ள நம்பர் வேணும்" என்றேன்.

"இன்னாமா நீ, இப்பதான் பூசை போட்டு நிக்க வச்சிருக்கேன். மறுபூசை ஆவல. நாளைக்குக் காலையில வா, நானே துணிய எடுத்துக் காட்றேன்."

பெங்களூரிலிருந்து வேறு யாராவது வந்திருந்தால் ஒரு சாரி சொல்லிவிட்டுத் துணியைத் தூக்கியிருப்பார்கள். எனக்குக் கை வரவில்லை. "சரிக்கா, நாளைக்கு வரேன்" என்றேன். அவர் ஒரு பொட்டலம் பொரியும் வாழைப்பழமும் கொடுத்தார்.

மறுநாள் நான் போகவில்லை. அன்று சாயங்காலமே ஆபீஸ் அறையில் இருந்த ஸ்டாக் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். எந்த மெஷின், எப்போது வாங்கியது, என்ன எண் என்று எல்லாம் அழகாக எழுதியிருந்தது. சக்கர மெஷினின் எண்ணும் இருந்தது. எழுதிக்கொண்டேன். எண் கிடைத்துவிட்டது, இதற்காக ஒரு நாள் காலை எதற்கு என்று நினைத்தேன். முந்தைய கோடையில் ஒரு மின்னலில் அந்த மெஷினுக்குள் இருந்த நெட்வொர்க் கார்டு எரிந்துபோனதும், வேறு கார்டு போட்டதும், அதோடு எண்ணும் மாறிப்போனதும் ரிஜிஸ்டருக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். கார்டு மாற்றியபோது டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவரே அவர்தான்.

இந்த வேலையில் ஒரு முறை உண்டு. பூட்டைப் போடுவதற்கு முன்னால் இரண்டு வாரமாவது பெட்டியை வெறுமனே கவனிக்க விட வேண்டும். எல்லாவற்றையும் உள்ளே விடும், ஆனால் எதைத் தடுத்திருக்கும் என்று எழுதிவைக்கும். அதைப் படித்தால் விட்டுப்போனது எது என்று தெரிந்துவிடும். நான் மூன்று நாள் விட்டேன். அந்த மூன்று நாளும் வார்டில் வைத்தே படம் எடுக்க வேண்டிய நோயாளி யாரும் இல்லை, சக்கர மெஷின் அறையை விட்டு நகரவே இல்லை. எழுதிவைக்க ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை காலை பூட்டைப் போட்டேன். எல்லாம் ஓடியது. சூப்பரிண்டென்ட் கை கொடுத்தார், மேனேஜர் போனில் என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்.

அன்று மதியம் ஊழியர்களை உட்காரவைத்துப் புது விதிகளைச் சொன்னதும் நான்தான். நோயாளியின் படத்தை யாரும் சொந்த போனில் எடுக்கக் கூடாது, வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது. அந்த அக்கா கை தூக்கி, "அவசரம்னா?" என்று கேட்டார்.

"அவசரம்னாலும் கூடாதுக்கா. வேலை போயிடும்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்று இன்னும் நீளமாக இருந்தது.

வியாழக்கிழமை மதியம் ஓய்வுபெற்ற ஒரு சுரங்கத் தொழிலாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இந்த ஊரில் அந்த வயது ஆண்களுக்கு வரும் மூச்சுத்திணறல் என்னவென்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, கல் தூசி நெஞ்சில் உட்கார்ந்திருக்கும். அன்று அவருக்கு அதைவிட மோசம். உதடு நீலமாகிவிட்டது. படுக்கவும் முடியாமல் எழவும் முடியாமல் இருந்தவரை உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு, அக்கா சக்கர மெஷினில் படம் எடுத்தார். ஒயரைச் செருகி அனுப்பினார். நெஞ்சு டாக்டர் மதியத்தில் பங்காருபேட்டையில் இருக்கிற தன் கிளினிக்கில் உட்காருவார், ஆஸ்பத்திரி படங்களை அங்கிருந்தே பார்ப்பார். அவருக்குப் படம் வரவில்லை. வார்டில் இருந்த டியூட்டி டாக்டர் சின்னப் பையன், வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான். நெஞ்சில் ட்யூப் போட வேண்டியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் பெரிய டாக்டர் படம் பார்த்துச் சொல்லாமல் போடப் பயம்.

அக்கா மறுபடி அனுப்பினார். ஒயரைக் கழற்றி மாட்டினார். மெஷினை அணைத்துப் போட்டார். அடுத்த கட்டிலுக்குப் பின்னால் இருந்த துளைக்குத் தள்ளிக்கொண்டு போனார். போனில் எடுத்து அனுப்பலாமே என்று நர்ஸ் சொன்னதற்கு, "வேணாம்மா, வேலை போயிடும்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கு" என்றாராம். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். கடைசியில் டியூட்டி டாக்டரே விதியைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன் போனில் மெஷின் திரையைப் படம் எடுத்து அனுப்பினார். பங்காருபேட்டையிலிருந்து பெரிய டாக்டர் போனில் போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டதாம். நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்துக்கொண்டிருந்தது. ட்யூப் போட்டார்கள். மூச்சு வந்தது.

எனக்கு அன்று யாரும் போன் செய்யவில்லை. நெட்வொர்க் பெட்டிக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டே, வழக்கம்போல லேப்டாப்பில் பெட்டியின் பதிவுகளைத் திறந்தேன். அடையாளம் தெரியாத சாதனம், அனுமதி இல்லை. அப்படி ஏழு வரிகள். நேரம் ஒவ்வொன்றிலும் இருந்தது. முதல் நான்கு ஒரு துளையில், அடுத்த மூன்று பக்கத்துத் துளையில். அம்மா தண்ணீர் லாரி வரிசையில் நின்று கேட்டுக்கொண்டு வந்த கதையைச் சமையலறையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள், எக்ஸ்ரே எடுக்கிறவளால் ஒரு மனுஷன் போயிருப்பான் என்று. ஏழு வரியும் அந்தச் சக்கர மெஷின்தான்.

அந்த ஏழு வரியிலும் மெஷினின் சரியான எண் இருந்தது. அதைப் பட்டியலில் போட்டேன், தப்பானதை எடுத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. யாருக்கும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சூப்பரிண்டென்ட் போன் செய்தார். "நேத்து நடந்தது கேள்விப்பட்டிருப்பீங்க. உங்க சிஸ்டத்துல ஏதாவது கோளாறாம்மா?"

"இல்ல சார். சிஸ்டம் சரியாத்தான் வேலை செய்யுது. வேணும்னா இப்ப ஒரு படம் அனுப்பிப் பாக்கச் சொல்லுங்க."

அனுப்பிப் பார்த்தார்கள். போயிற்று. "அப்ப அந்தம்மாதான் பதட்டத்துல எதையோ மாத்தி அழுத்தியிருக்கு" என்றார். நான் "ம்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன கேவலமான பொய் அந்த ஒரு எழுத்துதான். சும்மா வாயை மூடிக்கொண்டிருந்தால்கூட வேறு கணக்கு. நான் இரவோடிரவாகத் திருத்திவைத்த பட்டியலே அக்காவுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. சனிக்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்கள்.

எனக்குள் ஆயிரம் சமாதானம். ஆள் பிழைத்துவிட்டான். கான்ட்ராக்ட் எப்படியும் புதுப்பிக்காமல் போயிருக்கலாம். ரிஜிஸ்டரைச் சரியாக வைக்காதது ஆஸ்பத்திரி தப்பு. மறுபூஜை என்று தடுத்தது அந்த அக்காதானே என்றுகூட ஒரு தடவை நினைத்தேன். நினைத்ததற்கு எனக்கே என்னைப் பிடிக்காமல் போயிற்று. ஆனாலும் சொல்லவில்லை. மேனேஜர் அடுத்த மாதத்திலிருந்து ஊரிலேயே இருந்துகொள் என்று மெயில் அனுப்பியிருந்தார்.

புதன்கிழமை காலை ரயில் வந்தது. ஏறினேன். உள்ளே ஜன்னலோரம் அக்கா உட்கார்ந்திருந்தார். முந்தைய ஸ்டேஷனிலேயே ஏறியிருக்க வேண்டும். மடியில் சாப்பாட்டுப் பையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலும். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"வா, உக்காரு. தெனமும் இப்படித்தான் போறியா? எப்பா, இன்னா கூட்டம்."

"நீங்க எங்கக்கா?"

"பெங்களூருல ஒரு லேப்ல ஆள் கேக்கறாங்களாம். போய்ப் பாத்துட்டு வரேன். பையனுக்குச் சொல்லல, நீயும் யார்கிட்டயும் சொல்லாத." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. "அந்தாளு வீட்டம்மா என் கையப் பிடிச்சுக்கினு நின்னுச்சு அன்னிக்கு. போட்டாவ அனுப்பிட்டியா, அனுப்பிட்டியான்னு கேட்டுக்கினே கீது. கண்ணு மூடினா அதான் வருது."

அவர் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நீ படிச்சவ. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். நான் எங்க தப்பு பண்ணேன், சொல்லேன். ஒயர கழட்டிக் கழட்டி மாட்னேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். பக்கத்து ஓட்டையில போட்டுப் பாத்தேன். வேற இன்னா பண்ணியிருக்கணும்? அங்க போயும் அதே தப்பப் பண்ணிடக் கூடாதில்ல. இன்னொரு ஆளுக்கு அப்படி ஆயிடுச்சுன்னா நான் தாங்க மாட்டேன்."

அவர் செய்ததை எல்லாம் வரிசை மாறாமல் நான் படித்திருந்தேன், நேரத்தோடு. "பாத்துச் சொல்றேன்கா" என்றேன். பங்காருபேட்டை வரை அவர் மெஷினைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார், எந்த பட்டனுக்குப் பிறகு எந்த பட்டன் என்று விரலை மடக்கி மடக்கி. நான் தலையாட்டிக்கொண்டு வந்தேன். பங்காருபேட்டையில், வீட்டில் ஒன்றை மறந்துவிட்டேன் என்று சொல்லி இறங்கிவிட்டேன். ஜன்னல் வழியாகக் கையசைத்தார்.

ஆட்டோ பிடித்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். சூப்பரிண்டென்ட் வரும்வரை அவர் அறை வாசலில் நின்றேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், ரிஜிஸ்டர் எண், மூன்று நாள், ஏழு வரி, இரவு திருத்தியது, போனில் சொன்ன "ம்". அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"எழுதிக் குடுங்க" என்றார். ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படித்துவிட்டு, அந்தம்மாவை நாளையிலிருந்தே வரச் சொல்லுகிறேன், எல்லாப் பிரிவுக்கும் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன் என்றார். எங்கள் மேனேஜருக்கு நான் இருக்கும்போதே போன் போட்டார். நான் ஆபீஸுக்குப் பேசியபோது மேனேஜர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், "யாருமே கேக்காதப்ப நீ எதுக்குப் போய் சொன்னே?" ஊரிலிருந்து வேலை பார்க்கும் பேச்சு அதோடு முடிந்தது. இன்றைக்கும் அந்த ரயிலில்தான் போகிறேன். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

சூப்பரிண்டென்டிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அக்காவுக்கு நீங்கள் போன் செய்ய வேண்டாம், நான் நேரில் சொல்லிவிடுகிறேன் என்று. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சரி என்றார்.

சாயங்கால ரயிலுக்கு அக்கா இறங்கும் ஸ்டேஷனில் காத்திருந்தேன். ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். லேபில் வயதைக் கேட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம். பிளாட்பாரத்து சிமெண்ட் பெஞ்சில் அவரை உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல. மெஷின் நம்பர நான்தான் பட்டியல்ல தப்பா போட்டிருந்தேன். நீங்க ஏழு தடவை அனுப்பினீங்க, ஏழு தடவையும் என் பெட்டிதான் தடுத்துச்சு. சூப்பரிண்டென்ட் கிட்ட எழுதிக் குடுத்துட்டேன். நாளைக்கே வேலைக்கு வரச் சொன்னாரு."

அவருக்கு உடனே விளங்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "அப்ப நான் பண்ணல" என்றார். "நான் பண்ணல" என்று மறுபடியும் தனக்கே சொல்லிக்கொண்டார். முந்தானையை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதார். ஸ்டேஷனில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"நீயா போய் சொன்னியே, மவராசி. யாரு சொல்லுவாங்க இந்தக் காலத்துல. உன் பொழப்பு போனாலும் போவட்டும்னு சொன்னியே."

வெட்கம் கெட்டவள் நான், அந்த நேரம் எனக்கு மனசு லேசாகிவிட்டது. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எதையோ யோசித்தவர் போலக் கேட்டார்.

"இது உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"அன்னிக்கு சாயங்காலமே தெரிஞ்சுடுச்சுக்கா."

"வியாழக்கெழமையா?"

"ஆமா."

"காலையில ரயில்ல நான் உன்னைக் கேட்டனே. எங்க தப்பு பண்ணேன்னு. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்கா" என்றேன்.

அவர் என் கையை எடுத்து என் மடியிலேயே வைத்துவிட்டார்.